நீல ராஜாவுக்குப் பயந்து கட்டிய மதில்

தம்பி, இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படித்த பிள்ளை. அதற்குப் பிறகு உன் கண்ணில் பட்ட தமிழ் எழுத்தெல்லாம் அம்மா சமையலறை டப்பாக்களில் ஒட்டிவைத்த சீட்டுகள்தான். இங்கிலீஷில் எழுதினால் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு, அப்பா வழக்கம்போல ஏதோ எழுதியிருக்கிறார் என்று மடித்துவைத்துவிடுவாய். தமிழில் என்றால் வார்த்தை வார்த்தையாக நின்று வரவேண்டியிருக்கும். எனக்கு அதுதான் வேண்டும். லக்னோ டூரிலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாய். திங்கட்கிழமை புனேக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். அதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் எனக்குச் சாப்பாட்டையும் வெயிலையும் தாண்டி வாய் வருவதில்லை. நேற்று இரண்டு முறை கூப்பிட்டேன், இரண்டு முறையும் லக்னோ வெயிலைப் பற்றித்தானே பேசினோம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிவளைத்துச் சொல்லாமலேயே முடித்துவிடுவேன். போன மாதம் பால்கனியில் நின்றுகொண்டு புனே வேலையைப் பற்றி நீ சொன்னபோது நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். "அப்பா, அவங்க பழைய கேம்ஸை எடுத்து, புது மெஷின்ல ஓடுற மாதிரி செஞ்சு திரும்ப ரிலீஸ் பண்றாங்க. நான் சாயங்காலம் உக்காந்து சும்மா பண்ணிட்டிருந்தேன்ல, அந்த வேலையைப் பார்த்துட்டுக் கூப்பிட்டிருக்காங்க" என்றாய். என் வாயில் முதலில் வந்த கேள்வி, "டிபார்ட்மெண்ட்ல பெர்மிஷன் வாங்கினியால?" என்பது. நீ சிரித்துவிட்டாய். "காசே வாங்கலப்பா, எதுக்குப் பெர்மிஷன்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ரிசைன் பண்ணினா இந்தக் கவர்மெண்ட் வீட்டை விட்டுரணும். நீங்களும் அம்மாவும் எங்க போவீங்க?" என்று கேட்டாய். நான் கீழே நிற்கும் கார்களைப் பார்த்தபடி, "அம்மாவால இனி ஒரு வீடு மாற முடியாதுல. முந்தாநாள்கூட அதை நெனச்சு அழுதா" என்றேன். நீ "அச்சா" என்றாய். பிறகு, "டீக் ஹை ப்பா, சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். அம்மா அழவில்லை. அவளுக்கு அப்போது புனே விஷயமே தெரியாது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. இந்த ஒரு மாதமாகவே இப்படித்தான் இருக்கிறேன். காலையில் லிஃப்டில் இறங்கிப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுவேன், பாதியில் எதையோ மறந்துவிட்ட மாதிரி தோன்றும், மேலே வருவேன், இங்கே எதுவும் இருக்காது. அம்மா, "என்ன, கால்ல சக்கரம் கட்டியிருக்கியளா?" என்று கேட்டுக்கேட்டுச் சலித்துவிட்டாள். எனக்குப் போக்கிடம் என் பிறந்தநாளுக்கு நீ லேப்டாப்பில் போட்டுக்கொடுத்த அந்த ராஜ்ஜிய விளையாட்டுத்தான். "உங்க கேம் திரும்ப வந்திருக்குப்பா" என்று நீ சொன்ன அன்றைக்கு நான் பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் நீ ஆபீஸ் கிளம்பிய கையோடு திறந்து உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன்.

முதல் வாரம் முழுக்க எரிச்சல். உன்னிடம் சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கித் தந்திருக்கிறாய் அல்லவா? பழைய விளையாட்டில் அந்த ராஜ்ஜியம் பேசாமல் கிடக்கும். நான் ஒரு ஊரைக் கட்டுவேன், சுற்றி வயல், ஒரு களஞ்சியம், மதில், மதிலுக்கு வெளியே எல்லாம் கறுப்பு. யாராவது போய்ப் பார்த்தால்தான் கறுப்பு விலகி அங்கே காடா மலையா என்று தெரியும். இப்போது ஒரு மந்திரி தாடியோடு வந்து நின்று, மன்னா அதைக் கட்டலாமா, மன்னா இதைக் கட்டலாமா என்று தொணதொணக்கிறான். வாயை மூட வைக்க ஒரு பட்டன் இருக்கிறதாம், நான்கு நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். விரலுக்குப் பழகிய பட்டன்கள் எல்லாம் மாறிவிட்டன. மதில் கட்ட அந்தக் காலத்தில் எதைத் தட்டுவேனோ அது இப்போது படையைக் கலைத்துவிடுகிறது. மூன்று படைகளை நானே வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். தப்பு செய்தால் பத்து முறை பின்னால் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நாங்கள் எல்லாம் அப்படியா ஆடினோம்? திட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அதை ஏழெட்டுத் தடவை பயன்படுத்தினேன்.

இன்னொரு பட்டனும் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அதைத் தட்டினால் புது உருவம் போய்ப் பழைய உருவம் வரும். எவனோ என்னைப் போன்ற கிழவனுக்காகவே வைத்திருக்கிறான் என்று நினைத்து ஆசையாகத் தட்டினேன். தம்பி, திரையில் வந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆறு என்று நான்கு நீலச் சதுரம். குதிரை வீரன் நாயின் மேல் உட்கார்ந்திருக்கிறான். ஊர் ஒரு தீப்பெட்டி. இதையா நான் அத்தனை வருஷம் கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தேன்? திரும்பத் தட்டினேன், புதியது வந்தது. தண்ணீர் அசைகிறது, மதில் மேல் வெயில் விழுகிறது. என் ஞாபகத்தில் இருந்தது இந்தப் புதியதுதான். இருபத்தைந்து வருஷமாக நானே உள்ளுக்குள் வண்ணம் பூசிப் பூசி வைத்திருந்திருக்கிறேன். மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஆட்டம் ஓடவில்லை. வேறு எதற்கெல்லாம் நான் இப்படி வண்ணம் பூசி வைத்திருக்கிறேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

உனக்குப் பத்து வயது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், முன்னறையில், நேரு பிளேஸில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். அதற்குத் துணி போர்த்திவைப்போம், செருப்போடு யாரும் பக்கத்தில் போகக்கூடாது. ஆபீஸிலிருந்து வந்து நான் ஆடுவேன், நீ பக்கத்தில் முக்காலி போட்டுப் பார்ப்பாய், ஞாயிற்றுக்கிழமை உன் முறை. நான் எப்போதும் ஒரே மாதிரித்தான் ஆடுவேன். ஒரே ஊர், உயர்ந்த மதில். ஆற்றுக்கு வடக்கே நீல ராஜா. அவன் என்றைக்காவது வருவான் என்று மதிலுக்கு மேல் மதில். அன்றைக்கு நீ என் ஆட்டத்தை எடுத்து ஆடிக்கொண்டிருந்தாய். நான் டீயோடு வந்து பார்க்கிறேன், ஊரில் ஒரு காவல்காரன்கூட இல்லை. எல்லாரையும் படகில் ஏற்றிக் கறுப்புக்குள் அனுப்பிவிட்டாய். "ஏல, ஊரைக் காலியா விட்டுட்டா போறது?" என்று கத்தினேன். "அப்பா, தேகோ, அங்க ஒரு பெரிய தீவு இருக்கு!" என்று திரையைத் தொட்டுக் காட்டினாய். கறுப்பின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்தது. இந்தக் கதையை நான் சொந்தக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பையன் ராஜ்ஜியத்தையே தொலைக்கப் பார்த்தான், நான் காப்பாற்றினேன், அன்றைக்கு அவனுக்கு நிதானம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன் என்று. அதற்கும் மனதுக்குள் அந்தப் பட்டனைத் தட்டிப் பார்த்தேன். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன். சேமித்துவைத்திருந்த பழைய ஆட்டத்தைத் திறந்தேன், உன் படகு, தீவு எல்லாம் போயிற்று. நீ அழவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு அந்த விளையாட்டில் உன் முறை என்று நீ கேட்டதே இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்தது உனக்கும் நன்றாகத் தெரிந்த கதை, ஆனாலும் நான் ஒருமுறையாவது என் வாயால் சொல்ல வேண்டும். காலேஜ் முடித்த கையோடு பெங்களூரில் உனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கடிதம் மேஜையில் இருந்த அதே வாரம்தான் மத்திய சர்க்கார் கிளார்க் பரீட்சைக்கு நான் விண்ணப்பம் வாங்கி வந்தேன். கொட்டை எழுத்தில் நானே பூர்த்தி செய்தேன், போட்டோவை நானே ஒட்டினேன், "கையெழுத்து மட்டும் போடு, மத்ததெல்லாம் அப்பா பாத்துக்கிடுதேன்" என்றேன். நம் காலனியில் யாரும் இதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். டெல்லியில் நாற்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவனுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் இருக்காது, ரிடையரானால் பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளையும் சர்க்கார் வேலையில் இருந்து, அப்பாவோடு ஒரே கூரையில் மூன்று வருஷம் இருந்து, வீட்டு வாடகைப் படி வாங்காமல் இருந்தால் வீடு பிள்ளை பேருக்கு வரும். எத்தனை வீட்டில் இதற்காகவே பிள்ளைகளை அந்தப் பரீட்சைக்குத் தள்ளினோம்! நான் உன் வேலையைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு அறை, ஒரு வராந்தா, வாசலில் ஒரு வேப்பமரம், அதைப் பற்றித்தான் யோசித்தேன். நீ ஒரு கிளார்க்காகச் சேர்ந்த அன்றைக்கு நான் லட்டு கொடுத்தேன். உன் கல்யாணப் பேச்சைக்கூட எப்படி ஆரம்பிப்பேன், நினைவிருக்கிறதா? பையன் நல்லவன் என்று சொல்ல மாட்டேன், "பையனுக்குக் கவர்மெண்ட் வீடு இருக்கு" என்பேன். இரண்டு பெண் வீட்டுக்காரர்கள் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ரிடையரானேன், வீடு உன் பேருக்கு வந்தது. எட்டாவது மாதம் காலனியையே இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். உனக்கு இந்தக் கிட்வாய் நகர் அடுக்குமாடியில் ஒன்பதாவது தளத்தில் மாற்று வீடு தந்தார்கள். சாமானை ஏற்றிய அன்றைக்கு நீ என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "அப்பா, மரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாய். ஆறு வருஷமாக அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நான் இந்த விளையாட்டை ஒருநாளும் கடைசி வரை ஆடியவனில்லை. கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன். வியாழக்கிழமை மத்தியானம், அம்மா வெளியே போயிருந்தாள், என்ன ஆனாலும் சரி என்று கடைசி வருஷம் வரைக்கும் ஓட்டினேன். முடிந்ததும் திரையில் இருந்த கறுப்பெல்லாம் விலகி முழு உலகமும் தெரிந்தது. முதல் வருஷத்திலிருந்து யார் எங்கே என்ன செய்தார்கள் என்று வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீல ராஜாவைத் தேடினேன். அவனிடம் இருந்தது இரண்டே கிராமம். ஒரே ஒரு ஈட்டிக்காரன், அவனும் ஆற்றுப் பக்கம் ஒருநாளும் வரவில்லை. நான் பதினொரு மதில் கட்டியிருந்தேன். மேற்கே பாதி உலகம், நல்ல மண், ஆறு, ஒருவரும் கால் வைக்காமல் பச்சையாகக் கிடந்தது. சிரிப்புத்தான் வந்தது முதலில். பிறகு சிரிக்க முடியவில்லை.

இதிலிருந்து உனக்குப் பாடம் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. வெள்ளிக்கிழமை தைரியமாக மதிலே கட்டாமல் இன்னொரு ஆட்டம் ஆடினேன், நீல ராஜா யானையோடு வந்து அரை மணியில் ஊரைப் பிடித்துக்கொண்டான். ஆக, அவன் வந்தாலும் வருவான். புனேயும் அப்படித்தான். அந்தக் கம்பெனி நாளைக்கே மூடிவிடலாம், உனக்கு முப்பத்துநாலு வயது, பென்ஷன் கிடையாது, இதையெல்லாம் நினைத்து எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று வியாழக்கிழமை எனக்கு உறைத்தது வேறு. அந்த ராஜா என்ன நினைக்கிறான் என்று நான் ஒரு ஆளை அனுப்பிக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அவன் மனசை நானே எழுதிக்கொண்டேன். வேறு யார் மனசையெல்லாம் அப்படி எழுதினேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள்.

சொல்லிவிட்டேன். புனே, ராஜினாமா, வீடு, நான் சொன்ன பொய், எல்லாம். அம்மா பையைக் கீழே வைக்கவே இல்லை. "நான் அழுதேன்னா சொன்னிய?" என்றாள். "எனக்கு முட்டுவலிதான், வாய்வலி இல்லையே. கேட்டா சொல்லியிருப்பேம்லா. என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?" நான், "ஒனக்கு இந்த வீடு பிடிக்கும்னு நெனச்சேன்" என்றேன். "நான் எந்தக் காலத்துல பிடிக்கும்னு சொன்னேன்? ஒம்பதாம் மாடி. சன்னலைத் திறந்தா தூசி. லிஃப்டு நின்னா நானும் நிக்கணும். எம் பேரைச் சொல்லி எம் பிள்ளையக் கட்டிப்போட்டுட்டு, நீங்க கம்ப்யூட்டர்ல கோட்டை கட்டுதியளோ?" அவ்வளவு கோபத்தில் அவளை நான் பார்த்ததில்லை. பை கையிலிருந்து நழுவித் தக்காளி ஒன்று உருண்டு லேப்டாப் மேஜைக்கு அடியில் போயிற்று. இருவரும் அதை எடுக்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பிறகு டீயைக் கொண்டுவந்து டக்கென்று வைத்துவிட்டு, கரோல் பாக்கில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது என்றாள். அவளுடைய பஜனை மண்டலியில் ஒருத்தி சொன்னாளாம், முதல் மாடி, இரண்டு அறை, மெட்ரோவுக்கு நடந்தே போகலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். "அப்பமே சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "இந்த வீட்டுக்காக அவனைப் பத்து வருஷம் உக்காத்தி வச்சிருக்கிய. நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்ல?" என்றாள். தம்பி, நான்தான் அவளுக்காக என்று நினைத்தேன். அவள் எனக்காக என்று நினைத்தாள். நீ எங்கள் இரண்டு பேருக்காக. மூன்று பேரும் ஒருவருக்கும் பிடிக்காத ஒரு வீட்டைக் காவல் காத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த அழுகையையும் எம் பேர்ல சொல்லிராதிய" என்றாள்.

நேற்று காலையில் இருவரும் கரோல் பாக் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சமையலறை சின்னது. வெளிச்சம் இருக்கிறது. கீழே ஒரு கடையில் நாள் முழுக்கத் தையல் மிஷின் ஓடும் சத்தம், எனக்குப் பிடிக்கவில்லை, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. உன்னோடு புனேக்கு வருவதாக நினைத்துவிடாதே, அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், "அவன் தனியா இருந்து பழகட்டும், நம்மளும் பழகுவோம்." தீபாவளிக்கு வா. இல்லாவிட்டால் நாங்கள் வருகிறோம். அங்கே போய் நீங்கள் என்ன பழைய விளையாட்டைச் சரிசெய்கிறீர்களோ, அதில் அந்தத் தாடி மந்திரியை மட்டும் வைக்காதீர்கள். பழைய உருவத்தைக் காட்டுகிற பட்டனை எடுத்துவிடாதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது வேண்டும்.

நான் உன்னைப் போ என்று சொல்லவில்லை. அதுவும் மவுஸைப் பிடுங்குகிற வேலைதான். போனால் நாங்கள் எங்கே இருப்போம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன். மற்றது உன் முறை. சர்க்கார் வீட்டைக் காலி செய்கிற விண்ணப்பம் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாமாம், இருந்தாலும் காகிதம் இல்லாமல் ஒரு காரியம் நடந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை, கீழே கடையில் பிரிண்ட் எடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. இந்தத் தடவை நான் எதையும் பூர்த்தி செய்யக்கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். இரண்டு நாள் அதை மேஜையில் வைத்துக்கொண்டு கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை தம்பி, மன்னித்துக்கொள். முதல் கட்டத்தில் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ரப்பர் உன் மேஜை டிராயரில் இருக்கிறது.

அப்பா